இரண்டாவது லைன்

"லைன் ஒண்ணுல பாலக்கரை ஆட்டோ டிரைவர், பேரு சகாயம்க்கா" என்று பொத்தானை அமுக்கிச் சொல்லிவிட்டு, லோகசுந்தர் கீழ்த்தாடையை ஒரு விரற்கடை முன்னால் தள்ளி, இரண்டு தரம் கனைத்து, சகாயம் ஆனான். ஆட்டோக்காரருக்குக் குரல் தொண்டைக்கு அடியில், கிட்டத்தட்ட வயிற்றில்தான் இருக்கிறது, அதை மேலே இழுத்தால் டீசல் வாசம் போய்விடும். "வணக்கம்ங்க மேடம், டைரக்டர் சாருக்கு ஒரு சல்யூட்டுங்க, படம் வெறித்தனம், நாங்க ரோட்டுல பாக்காத போலீஸா, ஆனா இன்டர்வெல்லுக்கு அப்புறம் வண்டி கொஞ்சம் நியூட்ரல்ல போயிருச்சுங்க" என்று சகாயம் சொன்னதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆர்.ஜே. தர்ஷி கலகலவென்று சிரித்தாள், அவளுக்குப் பக்கத்தில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்த இயக்குநரும் சிரித்தார். நியூட்ரல். எழுதிவைத்ததில்லை, அந்த நொடியில் தானாக வந்து விழுந்தது. பிளஸ் டூ முடித்த கையோடு இந்த எஃப்.எம். நிலையத்தில் வந்து சேர்ந்து எட்டு மாதத்தில் லோகு இருநூறு பேராகவாவது இருந்திருப்பான், ஆனாலும் இப்படி ஒரு சொல் தானாக வந்து விழும்போது உள்ளங்காலில் யாரோ கிச்சுக்கிச்சு மூட்டுவது மாதிரி இருக்கும். அந்தச் சிரிப்பை அவன் கேட்கத்தான் முடிந்தது, பார்க்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை படக்கம்பெனி ஆட்கள் வந்து ‘ஈரச்சுவர்’ போஸ்டரை இரண்டு அறைக்கும் நடுவே இருந்த கண்ணாடி முழுக்க ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள், அதன் வெள்ளை முதுகுதான் அவன் பக்கம் இருந்தது, அந்தப் பக்கத்து விளக்கு வெளிச்சத்தில் படத்து இன்ஸ்பெக்டரின் முகம் இடம்வலம் மாறி, கழுவாத தட்டில் காய்ந்த குழம்பு மாதிரி, லேசாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை ‘தரை டிக்கெட்’. புதுப்படம் பார்த்த நேயர்கள் போன் போட்டுக் கருத்துச் சொல்லவேண்டும். சொல்லவேண்டும் என்றால் சொல்லிவிடுவார்களா, ஞாயிறு பதினொன்றுக்கு ஊரே கறிக்கடையில் நிற்கிறது, வருகிற நிஜப் போன் வாரத்துக்கு மூன்றோ நாலோ, மீதி நேயர்கள் மொத்தமும் இந்த அறையில், சக்கரம் கழன்ற ஒரு நாற்காலியில்தான் இருக்கிறார்கள்.

போன்பெட்டியில் மூன்று விளக்கு. முதல் லைன் அவனுடையது, அவன் எதிரில் இருக்கும் மைக்குக்கே வயர் போகிறது. மூன்றாவது இருட்டு. நடுவில் இரண்டாவது லைன் சிவப்பாக விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது, பதினொன்று பத்திலிருந்து எரிகிறது. அவன் எடுத்தபோது "பவுனம்மா பேசுறேன் தம்பி" என்றது ஒரு குரல். வயதை அளக்க முடியாத குரல். அளப்பதுதான் அவன் வேலை, ஐம்பதா, அறுபத்தைந்தா, வெற்றிலை உண்டா, பல் எத்தனை என்று ஒரு வணக்கத்திலேயே சொல்லிவிடுவான், இதில் ஒன்றும் தட்டுப்படவில்லை. படம் பார்த்தீங்களாம்மா என்றான். "பாக்கல." பார்த்தவங்க மட்டும்தாம்மா பேசலாம் என்று அவன் வைக்கப் போனான். "பக்கத்து வீட்டுப் புள்ள பாத்துட்டு வந்து கதையச் சொல்லுச்சு. அதுல ஸ்டேஷனுக்குப் பின்னால வச்சு அந்தப் பையன் சட்டைய எரிக்கிறாங்களாமே. படம் எடுத்தவரு வந்திருக்காருன்னு ரேடியோல சொன்னாங்க. அவருகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். என் மவன ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறப்ப கோடு போட்ட சட்டை போட்டிருந்தான். மறுநா ஒடம்பக் குடுக்குறப்ப வேற சட்டை போட்டுக் குடுத்தாங்க. நெஞ்சுவலின்னாங்க. ரெண்டே முக்கா வருசமா திங்கக்கெழம திங்கக்கெழம போயி அந்தச் சட்டையக் கேக்குறேன். தேடுறோம் தேடுறோம்ங்கிறாங்க. எரிப்பாங்கன்னு இவரு எடுத்திருக்காரே, நெசமாவே எரிப்பாங்களா, இல்ல சும்மா கதைக்கா. அதத்தான் கேக்கணும்." ரேஷன் கடையில் பாமாயில் எப்ப வரும் என்று கேட்கிற மாதிரி, ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் சொன்னாள். லைன்ல இருங்கம்மா என்று சொல்லி அவன் காத்திருப்புப் பொத்தானை அமுக்கினான். அமுக்கினால் காத்திருக்கிறவர்கள் காதில் நிகழ்ச்சி ஓடிக்கொண்டே இருக்கும், பாட்டு, விளம்பரம், அவன்.

ஒரு பொத்தான்தான், இந்தப் பக்கம் தள்ளினால் தர்ஷி அக்காவிடம் போய்விடும். ஆனால் தர்ஷி அக்காவுக்குச் சட்டங்கள் உண்டு, சேர்ந்த அன்றைக்கே விரல்விட்டுச் சொன்னவை: படம் பார்க்காதவன் கிடையாது, கட்சி பேசுகிறவன் கிடையாது, அழுகை கிடையவே கிடையாது. "ஞாயித்துக்கெழம கொழம்பு கொதிக்கிற நேரத்துல எவன் வீட்டுலயாவது அழுக சத்தம் கேட்டா அடுத்த செகண்டு ஸ்டேஷன மாத்திருவான்டா லோகு, அப்புறம் நீயும் நானும் வேல கேட்டு பக்கத்து ஸ்டேஷன் வாசல்ல நிக்கணும்." அந்த அம்மா அழவில்லையே. அழவில்லை, ஆனால் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை, அழுகையை அவனுக்குத் தெரியும், அழுகைக்கு மூக்கு அடைக்கவேண்டும், வார்த்தையின் கடைசி எழுத்தை விழுங்கவேண்டும். இது வேறு எதுவோ. தவிர மார்ச்சில் அரைமணி நேரம் அவனுக்கே அவனுக்கு என்று ஒரு நிகழ்ச்சி தருவதாக அக்கா சொல்லியிருக்கிறாள், நிலைய இயக்குநரிடம் பேசியும் விட்டாளாம், மார்ச்சுக்கு இன்னும் ஐந்து வாரம், ஐந்து வாரம் ஒருவன் ஒழுங்காக இருக்க முடியாதா. மணி பதினொன்று பதினெட்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் உமாபதி, உறையூர், காத்திருக்கிறார். உமாபதிக்குக் குரல் மூக்கின் பாலத்தில், கண்ணாடி உட்காருகிற இடத்தில். "வணக்கம். திரைப்படத்தின் தொழில்நுட்பத்தில் குறை காண்பதற்கில்லை. ஆயினும், காவல்துறையில் நல்லவர்களும் உள்ளனர் என்பதை இயக்குநர் முற்றிலும் மறந்துபோனது வருந்தத்தக்கது. என் மாணவரே ஒருவர் உதவி ஆய்வாளராக இருக்கிறார், பண்பாளர், தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியோடு வந்து காலில் விழுவார்." இனிப்புப் பெட்டியா, காசு குடுத்து வாங்கினதா சார் என்று தர்ஷி மடக்க, உமாபதி அரை நொடி மௌனமாகி, "அதை நான் விசாரிக்கவில்லை அம்மா" என்றார். அந்த அரை நொடி. அதை வாங்கிப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகலாம் போலிருந்தது. இயக்குநர் மேசையைத் தட்டிச் சிரித்தார். இரண்டாவது லைன் எரிந்தது, அணைந்தது, எரிந்தது.

அவன் ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் அது இரண்டு தடவை எரிகிறது. கோடு நெடுக்காவா குறுக்காவா, கேட்காமல் விட்டோமே. அவன் உடம்பில் இருந்ததும் கோடு போட்டதுதான், நீலக்கோடு, நெடுக்கு, அம்மா ஆடித்தள்ளுபடியில் எடுத்தது, எதற்கு இப்போது குனிந்து பார்க்கிறோம், உலகத்தில் பாதிச் சட்டை கோடு போட்டதுதான். சட்டையைக் கழற்றியிருக்கிறார்கள். சரி. வேறு சட்டை போட்டுவிட்டிருக்கிறார்கள். அந்த வேறு சட்டை யாருடையது? இங்கே வந்து நினைப்பு முள்ளில் வேட்டி மாதிரி மாட்டிக்கொண்டது, இழுத்தால் வருமா. ஸ்டேஷனில் சட்டை எங்கேயிருந்து வரும். யாராவது கழற்றிக் கொடுத்திருக்கவேண்டும், அல்லது ஏற்கெனவே ஆணியில் ஒன்று தொங்கியிருக்கவேண்டும், தொங்கியிருந்தால் அது யார் கழற்றியது, அவனை எந்தச் சட்டையில் அனுப்பினார்கள். அல்லது ஒரு ஏட்டு தன் வீட்டிலிருந்து, தன் மகனுடைய பழைய சட்டையை, பாவம் என்று, பாவம் என்றே நினைத்துக்கூட, கொண்டுவந்து கொடுத்திருக்கலாம், பொத்தான் ஒன்றொன்றாகப் போட்டுவிட்டிருக்கலாம். படத்தில் இது இல்லை. வெள்ளிக்கிழமை காலைக்காட்சியே பார்த்தான், படத்தில் சட்டையை எரிக்கிறார்கள், நெருப்பு இன்ஸ்பெக்டரின் கண்ணில் தெரிகிறது, பின்னணியில் வயலின், அப்புறம் அந்தப் பையனின் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடிவந்து கத்துகிறாள், தியேட்டரே உறைந்துபோயிற்று, அவனும் உறைந்துபோனான், உறைந்த அந்த நேரத்திலேயே அந்தக் கத்தலை எங்கிருந்து எடுக்கிறாள் என்று அவன் வாய் இருட்டில் ஓசையில்லாமல் அளந்து பார்த்துக்கொண்டிருந்தது. மேலண்ணம். நாக்கைச் சுருட்டி. வேறு எப்படித்தான் இருப்பான் அவன், அவன் வாய் அப்படி.

விளம்பரம் ஓடியது, தங்கம், டைல்ஸ், மூலத்துக்கு நிரந்தரத் தீர்வு. இன்ஸ்பெக்டர் குரலும் அவனிடம் உண்டு. அதற்குத் தொண்டையே வேண்டாம், எதிரில் இருக்கிறவன் பதில் சொல்லி முடிக்கும் முன்னால் அடுத்த கேள்வியைப் போட்டால் போதும், பூனைக்குட்டி குரலில் கேட்டாலும் இன்ஸ்பெக்டர்தான். பள்ளிக்கூடத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் வைத்து, போன வருடம், கூடப் படித்த கிஷோரே தன் அம்மா நம்பரைக் கொடுத்தான், மச்சி போடுடா, எங்கம்மாவ அலற விடுடா. ஏழு பேர் சுற்றி நின்றார்கள், எல்லார் வாயிலும் கைக்குட்டை. "ஸ்டேஷன்லேருந்து பேசுறேன். கிஷோர் யாரு, உன் பையனா?" என்ன செய்தான் சார் என்று அவள் கேட்பாள், உடனே ஒரு பட்டியலை அவிழ்த்துவிடவேண்டும், கோழி திருடினான், கலெக்டர் காரில் காற்று இறக்கினான், எல்லாம் தயாராக நாக்கில் இருந்தது. "அடிச்சிட்டீங்களா?" என்றாள் கிஷோரின் அம்மா. முதல் வார்த்தையே அது. பட்டியல் நாக்கிலேயே தங்கிவிட்டது. பிறகு கிஷோர் போனைப் பிடுங்கி அம்மா நான்தாம்மா என்றதும், கட்டையில போறவனே, வீட்டுக்கு வாடா ஒனக்கு வெளக்குமாறு காத்துக்கிட்டிருக்கு என்று அவள் திட்டித் தீர்த்தாள், ஏழு பேரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், எல்லாம் நல்லபடியாக முடிந்தது, மறுநாள் கிஷோர் டிபன்பாக்ஸில் லோகுவுக்கென்று தனியாக எலுமிச்சைச் சாதம்கூட வந்தது. ஆனால் அவளுக்குச் சிரிப்பு வர இரண்டு நொடி ஆனது. என்ன செய்தான் என்று அவள் கேட்கவே இல்லை. அது இரண்டாவது கேள்வி போலிருக்கிறது, படம் எடுக்கிறவர்களும் அவனும்தான் அதை முதல் கேள்வி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எலுமிச்சைச் சாதத்தில் வேர்க்கடலை நிறைய இருந்தது.

பதினொன்று முப்பத்தொன்றுக்கு அவன் இரண்டாவது லைனை எடுத்தான், வைத்துவிட்டுப் போயிருந்தால் நல்லது என்று ஒரு பாதி மனசோடு. போகவில்லை. பின்னால் எங்கேயோ குக்கர் விசில் அடித்தது. "கொஞ்ச நேரம் ஆகும்மா" என்றான். "ஆகட்டும். ஞாயித்துக்கெழமதான." அப்புறம், அவன் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோகும்போது, "அந்த ஆட்டோக்காரரும் நீதானா தம்பி?" என்றாள். அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "வாத்தியாரும் நீதான." எட்டு மாதம். கடிதம் எழுதுகிற நேயர்கள், போட்டி நிகழ்ச்சிக்காரர்கள், மாடியில் விளம்பரப் பிரிவில் இருக்கிற ரங்கராஜன் சார், அவனைப் பெற்ற அம்மா, ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. "எப்படிம்மா" என்றான், எந்தக் குரலில் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. "மூச்சு எடுக்கிறது ஒண்ணு மாதிரியே இருக்கு. பரவால்ல, நல்லா பேசுற. வாத்தியாரு ரொம்ப நல்லாருந்துச்சு." அவனுக்குக் காது சூடானது. திடீரென்று ஒரு வழி தோன்றியது, ஏன் முதலிலேயே தோன்றவில்லை, அம்மா நீங்க கஷ்டப்படவேணாம், நானே உங்களை மாதிரி பேசி அவரிடம் கேட்டுவிடுகிறேன், அப்படியே உங்க குரல், யாருக்கும் தெரியாது, என்றான், சொல்லும்போதே அந்தக் குரலை எங்கே வைப்பது என்று உள்ளே தேட ஆரம்பித்துவிட்டான், தொண்டையா, நெஞ்சா. "வேணாம் தம்பி" என்றாள் பவுனம்மா. "நீ கேட்டா அவரு உனக்குத்தான பதில் சொல்லுவாரு."

பொத்தானை அமுக்கி, "அக்கா, லைன் ரெண்டுல ஒரு அம்மா. நிஜம்" என்றான். பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் தர்ஷி தன் சொந்தக் குரலில், அதாவது காலையிலிருந்து சாப்பிடாத குரலில், பேசினாள். "நிஜம்னா?" நிஜமான நேயர்க்கா. "டேய். போன வாரமும் நிஜம், நிஜம்னு சத்தியம் பண்ணித்தான தாசில்தார கொண்டாந்து உட்ட. மேல்முறையீடு பண்ணுவேன்னு என்னைய மெரட்டுனான் அந்தாளு." அது உண்மை. அதற்கு முந்தின வாரம் ஒரு பல் டாக்டர், அதுவும் நிஜம் என்றுதான் சொன்னான், ஒவ்வொரு வாரமும் ஒருவரை நிஜம் என்று அனுப்பி அக்கா திணறுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்து நாற்காலியோடு சேர்ந்து உருளுவதுதான் அவன் ஞாயிற்றுக்கிழமையின் உச்சம். இல்லக்கா, இது நிஜமாவே நிஜம். அவன் சொன்னது அவன் காதிலேயே நடிப்பாகத்தான் விழுந்தது. "அழுவுமா?" அழாது. "படம் பாத்திருக்கா?" பாத்திருக்காங்கக்கா. "சரி, கடைசியா எடுக்குறேன். அதுக்கு முன்னாடி எனக்கொரு காலேஜ் பொண்ணு குடு, லவ் போர்ஷன் பத்தி இதுவரைக்கும் ஒரு நாய்கூட வாயத் தொறக்கல, சார் மூஞ்சி தொங்குது." காலேஜ் பெண்ணுக்குக் குரல் முன்பல்லில். துவாக்குடியிலிருந்து வெர்ஷா, இரண்டாம் ஆண்டு பயோடெக், "ஹாய் தர்ஷி, ஐயோ லைன் கெடைச்சிருச்சா, நம்பவே முடியல, சார் அந்த மழை சீன்ல நான் செத்தே போயிட்டேன்" என்று குதித்தாள். எவ்வளவு குதித்தாலும் மூச்சு எடுக்கிற இடம் இப்போது அவனுக்குக் கேட்டது, வாக்கியத்துக்கு நடுவே, ஒரு சின்ன விக்கல் மாதிரி, ஆட்டோக்காரருக்கும் வாத்தியாருக்கும் இருந்த அதே இடத்தில். மாற்றப் பார்த்தான். மாற்றினால் வார்த்தை தடுக்கியது. வெர்ஷா இருமி, நன்றி சொல்லிப் போய்விட்டாள்.

தண்ணீர் பாட்டிலில் ஒரு வாய்தான் இருந்தது. நேரடி ஒலிபரப்பு, போன வார்த்தை போனதுதான், அந்த அம்மா ஸ்டேஷன் பேரைச் சொல்லிவிட்டால், இன்ஸ்பெக்டர் பேரைச் சொல்லிவிட்டால், திங்கட்கிழமை யாராவது வந்து லைனை யார் கொடுத்தது என்று கேட்டால், கேட்கிறவர் பதில் முடியும் முன்னால் அடுத்த கேள்வியைப் போடுகிறவராக இருந்தால். இல்லை, அதெல்லாம் சினிமா. அதெல்லாம் சினிமாவா என்றுதானே அவளும் கேட்கிறாள். பதினொன்று நாற்பத்தொன்பது. அமுக்காமல் இருக்கலாம், லைன் அறுந்துவிட்டது அக்கா என்று சொல்லிவிடலாம், லைன் அறுவது உலகத்தில் நடக்காததா, பவுனம்மா அறுந்துபோச்சு போல என்று நினைத்துக்கொண்டு குக்கரை இறக்கப் போவாள், நாளைக்கு வழக்கம்போல் போவாள், தேடுறோம் என்பார்கள். அதுவும் ஒரு வாழ்க்கைதானே, திங்கட்கிழமைக்கு ஒரு வேலை. விரல் தள்ளியது. அவன் தள்ளினானா விரல் தள்ளியதா என்று பின்னால் யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி நிலையாக எரிந்தது. "நம்ம தரை டிக்கெட்டோட கடைசி நேயர்! வணக்கம்மா, யாரு பேசுறீங்க?" பவுனம்மா. "பவுனம்மா! பேருலயே பவுன் இருக்கு, எத்தன பவுனும்மா?" இயக்குநர் சிரிக்கிறார். அவர் சிரித்து முடிக்கும்வரை அந்த அம்மா பொறுத்திருந்துவிட்டு, அவனிடம் சொன்னதையே, அதே வரிசையில், கோடு போட்ட சட்டை, வேற சட்டை, நெஞ்சுவலி, ரெண்டே முக்கா வருசம், திங்கக்கெழம என்று சொன்னாள், ஊர் பேர் சொல்லவில்லை, ஸ்டேஷன் பேர் சொல்லவில்லை, யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. "எரிப்பாங்களாய்யா, அத மட்டும் சொல்லுங்க." அந்தப் பக்கம் நாற்காலியை மைக்குக்கு அருகே இழுக்கும் சத்தம் கேட்டது. "அருமையான கேள்வி" என்றார் இயக்குநர், மைக்குக்கு என்று வைத்திருக்கும் ஈரமான குரலில். "சட்டைங்கிறது இந்தப் படத்துல வெறும் துணி இல்ல, அது ஒரு குறியீடு. அந்த நெருப்புல எரியிறது நம்ம எல்லாரோட மனசாட்சின்னு நான் பாக்குறேன்." "அது சரிங்கய்யா. சட்டைய எரிப்பாங்களா?" "ஆஹா, பவுனம்மா விடமாட்டாங்க போல" என்று தர்ஷி குறுக்கே விழுந்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு, அது யாருடைய குரல் என்று தனக்குத் தெரியும் என்கிற சிரிப்பு, "கதையெல்லாம் இங்கயே கேட்டுட்டா எப்படிம்மா, தியேட்டருக்குப் போய்ப் பாருங்க, உங்க அன்புக்கு நன்றி, இதோ அந்த மழைப் பாட்டு!" வயலின் தொடங்கியது. விளக்கு மறுபடி சிமிட்டியது, லைன் அவனிடமே திரும்பி வந்திருந்தது.

அவன் எழுந்து ஓடினான். பாட்டு நாலு நிமிடம் பத்து நொடி. கதவைத் திறந்ததும் தர்ஷி இரண்டு கையையும் தூக்கி, "அந்தக் கெழவி கொரல எங்கடா புடிச்ச, எனக்கே ஒரு செகண்டு நெசம்னு தோணிருச்சு, பாவி" என்றாள், சார் இவன்தான் சார், நான் சொன்னேன்ல, இவன் ஒருத்தன்தான் சார் அத்தன பேரும். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீயா தம்பி? அடுத்த படத்துக்கு டப்பிங் பேச வர்றியா?" எட்டு மாதமாக, எட்டு மாதம் என்ன, ஐந்தாம் வகுப்பில் தலைமையாசிரியர் குரலில் பள்ளிக்கூடத்துக்கே லீவு விட்ட நாளிலிருந்து அவன் காத்திருந்த வாக்கியம் அது. அதைப் பிறகு சாவகாசமாக எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்த மாதிரி இருந்தது. "சார், நிஜமாவே எரிப்பாங்களா?" என்றான். இயக்குநர் தர்ஷியைப் பார்த்தார், சிவப்பு விளக்கு அணைந்திருக்கிறதா என்று மைக்கைப் பார்த்தார், பிறகு மைக் இல்லாத குரலில், அது கொஞ்சம் கீச்சென்று இருந்தது, சொன்னார்: "ஒரு ரிட்டயர்டு ஏட்டு சொன்னாருப்பா. மொதல்ல அதத்தான் எரிப்பாங்களாம், ரத்தம் இருக்கும்ல. அன்னைக்கே, விடியறதுக்குள்ள. அப்புறம் எவ்ளோ தேடுனாலும் கெடைக்காது. இதையெல்லாம் ரேடியோல சொல்லி நான் கேஸ் வாங்கிக்கவா? அதான் குறியீடு." தர்ஷி கைக்கடிகாரத்தைக் காட்டினாள். அவன் அது என் குரல் இல்லை அக்கா என்று சொல்லவில்லை. சொன்னாலும் அதுவும் ஒரு சேட்டையாகத்தான் சேரும்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. பாட்டு முடிய இன்னும் இரண்டு நிமிடம். இயக்குநரின் மைக் குரல் அவனுக்குள் ஏற்கெனவே தயாராக இருந்தது, அழைக்காமலே வந்து நெஞ்சுக்கூட்டில் உட்கார்ந்திருந்தது, அம்மா நான் டைரக்டர் பேசுகிறேன், அதெல்லாம் வெறும் கற்பனைம்மா, உங்க பையன் சட்டை எங்கேயாவது மூட்டையில் பத்திரமாக இருக்கும், தேடச் சொல்லுங்க. எவ்வளவு சுலபம். மூச்சை மட்டும் எங்கே எடுப்பது என்று தெரிந்தால் போதும். அவன் லைனை எடுத்தான். "அம்மா." "சொல்லு தம்பி. அவரு என்ன சொன்னாருன்னே எனக்கு வெளங்கல. எரிப்பாங்கன்னாரா, மாட்டாங்கன்னாரா?" அவன் வாயைத் திறந்தான். குரலை எங்கேயும் வைக்கவில்லை, அதுவாக எங்கிருந்தோ, பாதி உடைந்து, பதின்மூன்று வயதில் இருந்த மாதிரி கிறீச்சிட்டு வந்தது. "எரிச்சிருப்பாங்கம்மா." "அன்னைக்கேவா?" "அன்னைக்கேதான். விடியறதுக்குள்ள. போய் அவர்கிட்டயே கேட்டுட்டு வந்துட்டேன்." குக்கர் அடங்கியிருந்தது. அந்தப் பக்கம் யாரோ குழந்தை எதையோ கேட்டது, இரு என்றாள் பவுனம்மா, அவனை அல்ல. அழுகை வரும் என்று அவன் காது காத்திருந்தது, மூக்கு அடைக்கும், கடைசி எழுத்து விழும். ஒன்றும் விழவில்லை. "அப்ப இத்தன நாளா இல்லாத சட்டைய தேடுறோம்னு சொல்லிருக்காங்க" என்றாள், கணக்கில் பிசகு கண்டவள் மாதிரி. "சரி. நாளைக்கிப் போயி சட்டையக் கேக்கக் கூடாது. யாரு எரிச்சதுன்னு கேக்கணும்." பிறகு ஒரு டப்பா திறக்கும் சத்தம், காகிதம் புரளும் சத்தம், பேனாவை உதறுவது, ஒரு தடவை, இரண்டு தடவை. "எரிச்சாங்கன்னு ஒனக்கு யாரு சொன்னான்னு கேப்பாங்க. மனுவுல எழுதணும். ஒம் பேரு என்னா தம்பி?" அவன் போஸ்டரின் வெள்ளை முதுகைப் பார்த்தான். எத்தனையோ பேர்கள் வந்தன, ஊரோடு, தொழிலோடு, வயதோடு, இன்றைக்குப் பேசினவர்களும் இனிமேல் பேசப்போகிறவர்களும், எல்லாரும் போக முந்திக்கொண்டு நாக்கடியில் நெருக்கியடித்தார்கள். வயலின் தேய்ந்துகொண்டிருந்தது.

"லோகசுந்தர்மா."

பவுனம்மா அதை எழுத்துக்கூட்டி மெதுவாக எழுதினாள். அவனுக்கு அது கேட்டது.

"இனிசியலு?" என்றாள்.